தம்பியின் அறிக்கையில் ‘ஐ.என்.ஐ.1 இழப்பு’ என்றால் என்ன?

கேள்வி:

மதிப்பிற்குரிய டாக்டர், நாங்கள் ஈரோடு பக்கம் விசைத்தறி வைத்திருக்கும் குடும்பம். என் தம்பிக்கு 24 வயது. வலது கை நடுவிரலில் இரண்டு வருடமாக ஒரு சின்னக் கட்டி. வலி கிடையாது. முதலில் மரு என்றார்கள். பிறகு மேலே புண்ணாகி ஆறவே இல்லை. போன மாதம் பயாப்சி எடுத்ததில், ஒரு லேபில் ‘சினோவியல் சார்கோமாவாக இருக்கலாம்’ என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் அதை மாற்றி, ‘எபிதீலியாய்டு சார்கோமா, ஐ.என்.ஐ.1 இழப்பு’ என்று எழுதிக் கொடுத்தார்கள். அப்படியென்றால் என்ன என்று கேட்டதற்கு, ‘ஜீன்களைத் திறந்து மூடும் அமைப்பில் கோளாறு, குரோமாட்டின் சம்பந்தப்பட்டது’ என்று மட்டும் சொன்னார்கள். இது பரம்பரை நோயா? எனக்கும் வருமா? பத்து வயதில் அந்த விரல் தறியில் மாட்டி நசுங்கியது, அதனால்தான் வந்ததா? அம்மா அதையே சொல்லி அழுகிறார். தெரிந்தவர் ஒருவர், ‘இது எபிஜெனிட்டிக் நோய், ஜீன் கெடவில்லை, உணவாலும் மூலிகையாலும் திருப்பிவிடலாம், ஆபரேஷன் வேண்டாம்’ என்று சொல்லி மூன்று மாத மருந்துக்கு ஒன்றரை லட்சம் கேட்கிறார். இந்த நோய்க்கென்றே வெளிநாட்டில் ஒரு மாத்திரை இருப்பதாகவும் படித்தேன். ஆபரேஷனுக்கு இன்னும் தேதி குறிக்கவில்லை. தம்பி ‘என் விரலை எடுத்துடுவாங்களாக்கா?’ என்று கேட்கிறான். நான் என்ன சொல்வது?

— ஓர் அக்கா

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த ஒன்றரை லட்சத்தைக் கொடுக்காதீர்கள். ஆபரேஷன் தேதியை நீங்களே போய்க் கேட்டு வாங்குங்கள். அவர் கேட்கும் மூன்று மாதம்தான் உங்கள் தம்பிக்கு இப்போது பணத்தைவிடப் பெரியது. ஏன் என்பதை விளக்கமாகவே எழுதுகிறேன். விளக்கம் கிடைக்காத இடத்தில்தான் இப்படிப்பட்டவர்கள் நுழைகிறார்கள்.

நான் நோய்க்கூறியல் மருத்துவர். நோயாளியின் முகத்தை நாங்கள் பெரும்பாலும் பார்ப்பதில்லை, திசுவைத்தான் பார்க்கிறோம். உங்கள் கையில் இருக்கும் அறிக்கையில் கையெழுத்துப் போட்டவரும் என்னைப் போன்ற ஒருவர்தான். சார்கோமா என்பது தசை, நார், எலும்பு போன்ற திசுக்களில் வரும் புற்றுநோய். தம்பிக்கு வந்திருப்பது அதில் ஒரு வகை. அவர் மைக்ராஸ்கோப்பில் என்ன பார்த்து அந்த வரியை எழுதினார் என்பதிலிருந்து தொடங்கினால் உங்களுக்குப் புரியும்.

தம்பியின் விரலிலிருந்து எடுத்த துணுக்கை மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரை முந்நூறாகப் பிரித்தால் எவ்வளவோ அவ்வளவு மெல்லியதாகச் சீவி, கண்ணாடிச் சில்லில் ஒட்டுவோம். சாதாரணச் சாயத்தில் பார்த்தால் இந்த நோய் நடுவில் செத்துப்போன திசுவும் அதைச் சுற்றி வேலி போட்டதுபோல் செல்களுமாகத் தெரியும். காசநோய்க் கட்டியும் ஏறக்குறைய அப்படித்தான் தெரியும். காசநோய் நிறைந்த நம் நாட்டில் இந்த ஒற்றுமை ஆபத்தானது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு இளைஞரின் முன்கைக் கட்டியைப் பார்த்து ‘கிரானுலோமா, காசநோயா என்று பார்க்கவும்’ என்று எழுதினேன். ஆறு மாதம் காசநோய் மாத்திரை சாப்பிட்டுவிட்டு, அக்குளில் நெறி கட்டியபின் திரும்பி வந்தார். அந்தச் சில்லை எடுத்து மறுபடி பார்த்தபோது செல்கள் அங்கேயே இருந்தன. நான்தான் அவற்றை அடையாளம் காணவில்லை. அதிலிருந்து, கையில் ஆறாத புண், நடுவில் அழுகல் என்று எந்தச் சில்லு வந்தாலும் ஐ.என்.ஐ.1 சாயம் போடாமல் நான் கையெழுத்திடுவதில்லை.

அந்தச் சாயம் இப்படி வேலை செய்யும். ஐ.என்.ஐ.1 என்பது ஒரு புரதத்தின் பெயர். உடம்பில் உட்கரு உள்ள எல்லாச் செல்லிலும், உட்கருவுக்குள்ளே, அது இருக்க வேண்டும். அது இருக்கும் இடத்தில் மட்டும் பழுப்பு நிறம் பிடிக்கும்படி சாயத்தை அமைத்திருக்கிறார்கள். இல்லாத இடம் வெளிர் நீலமாக நிற்கும். உங்கள் தம்பியின் சில்லில், கட்டியின் நடுவே ஓடும் சின்ன இரத்தக் குழாயின் சுவர் பழுப்பாக இருந்திருக்கும். அங்கங்கே வந்து உட்கார்ந்திருக்கும் வெள்ளை அணுக்களும் பழுப்பாக இருந்திருக்கும். அவற்றுக்கு இடையில் கட்டியின் செல்கள் மட்டும் நீலமாக நின்றிருக்கும். அந்தப் பழுப்புச் செல்களை நாங்கள் உள்சாட்சி என்போம். அவை நிறம் பிடித்திருந்தால்தான் சாயம் சரியாக வேலை செய்தது என்று பொருள். அவையும் வெளிறியிருந்தால் சாயம் தப்பு, மறுபடி போட வேண்டும். சாட்சி பழுப்பு, கட்டி நீலம் என்ற காட்சியைத்தான் ‘ஐ.என்.ஐ.1 இழப்பு’ என்ற இரண்டு சொல்லில் எழுதுகிறோம். 2009-இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில் எபிதீலியாய்டு சார்கோமா கட்டிகள் 136-ஐ இப்படிச் சோதித்ததில் 127 கட்டிகளில் அந்தப் புரதம் இல்லை. ஆகவே உங்கள் பெரிய ஆஸ்பத்திரி பெயரை மாற்றியது குழப்பத்தினால் இல்லை, நல்ல ஆதாரத்தோடுதான்.

அந்தப் புரதம் இல்லாவிட்டால் என்ன ஆகும்? குரோமாட்டின் என்ற சொல் இங்கேதான் வருகிறது. நீங்கள் தறிக்காரர் வீட்டுப் பெண் என்பதால் எனக்கு விளக்குவது சுலபம்.

ஒரு செல்லில் இருக்கும் டி.என்.ஏ. நூலை நீட்டிப் பிடித்தால் சுமார் இரண்டு மீட்டர் வரும். அதை அடக்கியிருக்கும் உட்கருவின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைக்கூடத் தாண்டாது. இத்தனை நூலும் சிக்கு விழாமல் இருக்க ஒரே வழி, தார்க்குச்சியில் சுற்றுவதுபோல் சுற்றி வைப்பதுதான். செல்லும் அதையே செய்கிறது. ஹிஸ்டோன் என்ற புரதங்கள் எட்டு சேர்ந்து ஒரு குச்சி. அதன் மேல் டி.என்.ஏ. 147 எழுத்து (டி.என்.ஏ.வின் அடிப்படை அலகை எழுத்து என்போம்) நீளத்துக்கு, இரண்டு சுற்றுக்குச் சற்றுக் குறைவாக, சுற்றிக்கொள்கிறது. இப்படிக் கோடிக்கணக்கான குச்சிகள் ஒரு செல்லுக்குள் வரிசையாக இருக்கின்றன. நூலும் குச்சியும் சேர்ந்த இந்த முழுச் சுருட்டைத்தான் குரோமாட்டின் என்கிறோம்.

சுற்றி வைத்த நூலை அப்படியே படிக்க முடியாது. ஒரு ஜீன் வேலை செய்ய வேண்டுமென்றால் அந்த இடத்தில் குச்சியை நகர்த்தவோ உருவி எடுக்கவோ வேண்டும். உங்கள் தம்பியின் தோல் செல்லிலும் கல்லீரல் செல்லிலும் இருப்பது ஒரே நூல்தான். எந்த இடம் திறந்திருக்கிறது, எந்த இடம் சுற்றிக் கிடக்கிறது என்பதில்தான் தோல் தோலாகவும் கல்லீரல் கல்லீரலாகவும் இருக்கின்றன.

குச்சியை நகர்த்துவதற்குச் செல்லுக்குள் தனி இயந்திரங்கள் உண்டு. அவற்றில் ஒன்று, பத்துக்கும் மேற்பட்ட புரதங்கள் கூடிச் செய்த பாஃப் என்ற கூட்டமைப்பு. இதை முதலில் கண்டது மனிதரில் இல்லை, ஈஸ்டில். ஆப்பத்துக்குக் கள் ஊற்றி மாவு புளிக்க வைப்பார்களே, அந்தப் புளிப்புக்குக் காரணமான அதே ஈஸ்ட். 1980-களில், சர்க்கரையை உண்ணத் தெரியாத ஈஸ்ட்களையும், இனச்சேர்க்கை வகையை மாற்றத் தெரியாத ஈஸ்ட்களையும் தனித்தனியாக ஆராய்ந்தவர்கள், இரண்டு குறையும் ஒரே இயந்திரத்தின் பாகங்கள் பழுதானதால் வந்தவை என்று பிறகு கண்டுகொண்டார்கள். இரண்டின் சுருக்கெழுத்தையும் சேர்த்து ‘ஸ்விட்ச்-ஸ்னிஃப்’ என்று அதற்குப் பெயர் வந்தது. பாஃப் அதன் மனித வடிவம். அந்த இயந்திரத்தின் ஒரு பாகம்தான் உங்கள் அறிக்கையில் இருக்கும் ஐ.என்.ஐ.1. இதையே ஸ்மார்க்-பி1 என்றும் எழுதுவார்கள். வேறு அறிக்கையில் அந்தப் பெயர் வந்தால் புது நோய் என்று பயந்துவிடாதீர்கள். ஐ.என்.ஐ.1 என்ற பெயருக்கும் ஒரு கதை உண்டு. எய்ட்ஸ் கிருமியின் ஒரு புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும் மனிதப் புரதம் எது என்று தேடியபோது, கஞ்சம் கல்பனா என்ற இந்திய வம்சாவளி விஞ்ஞானியும் அவருடன் பணியாற்றியவர்களும் 1994-இல் இதைக் கண்டறிந்தார்கள். புற்றுநோயை அப்போது யாரும் நினைக்கவில்லை. நான்கு ஆண்டு கழித்து, 1998-இல், பாரிஸில் இருந்த ஆய்வுக் குழு ஒன்று, கைக்குழந்தைகளுக்கு வரும் ராப்டாய்டு கட்டி என்ற கொடிய புற்றுநோயில் கெட்டுப்போயிருப்பது இதே ஜீன்தான் என்று காட்டியது. உங்கள் தம்பியின் நோய் அந்தக் கட்டிக்கு ஒருவகையில் பங்காளி முறை.

இந்த இயந்திரம் குச்சியைப் பிடிக்கும் விதத்தைச் சமீப வருடங்களில் படமாகவே எடுத்துவிட்டார்கள். இடுக்கி பிடிப்பதுபோல் குச்சியின் இரண்டு முகத்திலும் கவ்வுகிறது. ஒரு பக்கம் ஆற்றலைச் செலவழித்து நூலைத் தள்ளும் மோட்டார். எதிர்ப்பக்கம், குச்சி நழுவாமல் தாங்கிப் பிடிப்பது ஐ.என்.ஐ.1. கட்டை விரல் போய்விட்ட கையால் ஒரு சாமானைப் பிடித்துப் பாருங்கள். மற்ற நான்கு விரலும் நன்றாகத்தான் இருக்கும், பிடிமானம் இருக்காது. ஐ.என்.ஐ.1 போன செல்லில் பாஃப் இயந்திரமும் இந்த நிலையில்தான் இருக்கிறது. மோட்டார் ஓடுகிறது. சில இடங்களில் எப்படியோ சமாளித்துக்கொள்கிறது. ஆனால் ‘நீ இன்ன செல்லாக முதிர்ந்து நிற்க வேண்டும், இனிப் பெருகாதே’ என்று சொல்லும் ஜீன்களைத் தூரத்திலிருந்து தூண்டும் பகுதிகளைத் திறந்து வைக்க அதனால் முடியாமல் போகிறது.

இதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. திறக்கும் இயந்திரத்துக்கு எதிராக மூடும் அமைப்பு ஒன்றும் செல்லில் இருக்கிறது. அதற்குப் பாலிகோம்ப் என்று பெயர். 1947-இல் பமீலா லூயிஸ் என்ற விஞ்ஞானி பழ ஈக்களில் முதலில் கண்டது. ஆண் ஈக்கு முன்னங்காலில் மட்டும் சீப்புப் போன்ற மயிர்வரிசை இருக்கும். இந்த அமைப்பு பழுதான ஈக்களுக்கு மற்ற கால்களிலும் சீப்பு முளைத்தது. மூடியிருக்க வேண்டிய ஜீன் திறந்துகொண்டதன் விளைவு. பாலிகோம்ப் கூட்டத்தில் ஈ.இசட்.எச்.2 என்று ஒரு நொதி இருக்கிறது. குச்சியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஹிஸ்டோன் வாலில் அது ஒரு வேதிக் குறியைப் பொறிக்கும். குறி விழுந்த இடம் இறுகி மூடிக்கொள்ளும். நல்ல செல்லில் பாஃப் திறப்பதும் பாலிகோம்ப் மூடுவதும் ஒன்றையொன்று தடுத்துத் தராசு போல நிற்கும். பாஃபின் பிடி தளர்ந்ததும் தட்டு ஒரு பக்கம் சாய்கிறது. மூடக்கூடாத ஜீன்களிலெல்லாம் மூடும் குறி விழுகிறது. செல் பெருகுவதை நிறுத்தும் பிரேக் போன்ற பி16 என்ற ஜீன் இப்படி அடங்கிப்போவதை ராப்டாய்டு கட்டிச் செல்களில் காட்டியிருக்கிறார்கள். 2010-இல் எலிகளில் செய்த சோதனை இதை இன்னும் தெளிவாக்கியது. ஐ.என்.ஐ.1-ஐ நீக்கினால் எலிக்குக் கட்டி வந்தது. கூடவே ஈ.இசட்.எச்.2-வையும் நீக்கினால் கட்டி வரவில்லை.

‘ஜீன் கெடவில்லை’ என்று உங்களிடம் சொன்னவர் பிடித்துக்கொண்டது இந்த இடத்தைத்தான். அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் அது ஏமாற்றுகிறது. பி16 போன்ற ஜீன்கள் எழுத்து மாறாமல் அப்படியே இருக்கின்றன, மூடிக் கிடக்கின்றன, அவ்வளவுதான். 2012-இல் ராப்டாய்டு கட்டிகளின் டி.என்.ஏ.வை முழுக்கப் படித்துப் பார்த்தவர்கள், ஐ.என்.ஐ.1 என்ற ஒரு ஜீனைத் தவிர வேறு பழுது மிகக் குறைவாக இருப்பதைக் கண்டு வியந்தார்கள். நுரையீரல் புற்றுநோயில் ஆயிரக்கணக்கில் எழுத்துப் பிழை இருக்கும். இங்கே அப்படி இல்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் காரணமான ஐ.என்.ஐ.1 ஜீன் இருக்கிறதே, அது மூடிக் கிடக்கவில்லை. பெரும்பாலான எபிதீலியாய்டு சார்கோமாக்களில் 22-ஆம் குரோமோசோமில் அது இருந்த துண்டே அறுந்து போயிருக்கிறது, இரண்டு பிரதியிலும். அறுந்து விழுந்த பாவு நூலை எந்தக் கஷாயம் முடிச்சுப் போடும்? எபிஜெனிட்டிக் என்றால் ஜீனின் எழுத்து மாறாமல், அது திறப்பதும் மூடுவதும் மட்டும் மாறுவது. அந்தச் சொல்லைக் கேட்டதும் ‘மாற்றக்கூடியது, ஆகவே சாப்பாட்டால் மாற்றலாம்’ என்று ஒரு தாவல் தாவுகிறார்கள். ஆய்வுக்கூடத்தில் மாற்ற முடிகிறது என்பதற்கும் ஒன்றரை லட்சம் ரூபாய்ப் பொட்டலத்தால் மாறும் என்பதற்கும் நடுவில் எந்தப் பாலமும் இல்லை. உங்களைப் போன்ற குடும்பங்கள் நகையை அடகு வைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை. தம்பிக்குச் சாப்பாடு வேண்டும்தான். முட்டை, பருப்பு, தயிர், எது அவருக்குப் பிடிக்குமோ அது. ஆபரேஷனைத் தாங்க உடம்பில் வலு வேண்டும் என்பதற்காக, கட்டியைக் கரைக்க அல்ல.

முதல் லேபில் ஏன் சினோவியல் சார்கோமா என்றார்கள் என்று அவர்கள் மேல் கோபப்படாதீர்கள். இரண்டு நோயும் இளம் வயதினரின் கை கால்களில் வரும். சில சாயங்கள் இரண்டிலுமே ஒரே மாதிரி பிடிக்கும். எனக்கு வியப்பு என்னவென்றால், இரண்டுக்கும் வேர் ஒன்றே. சினோவியல் சார்கோமாவில் எதுவும் தொலைந்து போவதில்லை. எக்ஸ் குரோமோசோமும் 18-ஆம் குரோமோசோமும் துண்டுகளை இடம் மாற்றிக்கொள்கின்றன. அதனால் பாஃப் இயந்திரத்தின் வேறொரு பாகத்தில், அங்கே இருக்கவே கூடாத ஒரு வால் ஒட்டிக்கொள்கிறது. வால் ஒட்டிய பாகம் இயந்திரத்தில் ஏறி உட்கார்ந்ததும் ஐ.என்.ஐ.1-ஐ வெளியே தள்ளிவிடுகிறது என்று 2013-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் சிகால் கடோக், ஜெரால்ட் கிராப்ட்ரீ இருவரும் காட்டினார்கள். அதோடு, அந்த வால் இயந்திரத்தை இழுத்துக்கொண்டுபோய், பாலிகோம்ப் பத்திரமாக மூடி வைத்திருந்த ஜீன்களைத் திறந்துவிடுகிறது. முதிர்ந்த செல்லுக்கு வேண்டாத, கருவிலே இருக்கும் செல்லுக்கு உரிய ஜீன்கள் ஓடத் தொடங்குகின்றன. ஒரு நோயில் திறக்க வேண்டியது திறக்கவில்லை. இன்னொன்றில் திறக்கக் கூடாதது திறந்துகொண்டது. சாயத்திலும் இந்த வித்தியாசம் தெரியும். சினோவியல் சார்கோமாவில் ஐ.என்.ஐ.1 நிறம் பெரும்பாலும் மங்கும், அடியோடு போகாது. உங்கள் தம்பிக்கு அடியோடு இல்லை. பெயர் சரியாக அமைவது வைத்தியத்துக்கு முக்கியம், ஏனென்றால் பெரும்பாலான சார்கோமாக்கள் இரத்தம் வழியாகத்தான் பரவும். எபிதீலியாய்டு சார்கோமா நிணநீர் முடிச்சுகளுக்கும் போகும்.

பரம்பரையா என்று கேட்டீர்கள். பிறவியிலேயே இந்த ஜீனின் ஒரு பிரதி கெட்டிருக்கும் குடும்பங்கள் உலகில் இருக்கின்றன. அங்கே நோய் பெரும்பாலும் கைக்குழந்தைகளின் சிறுநீரகத்திலோ மூளையிலோ ராப்டாய்டு கட்டியாக வரும், அல்லது பெரியவர்களுக்கு நரம்பு உறைகளில் பல கட்டிகளாக வரும். வாலிப வயதில் விரலில் வரும் உங்கள் தம்பியின் நோயில், அந்த இழப்பு பெரும்பாலும் விரலில் இருந்த ஏதோ ஒரு செல்லில், பிறந்து வளர்ந்த பிறகு நேர்ந்தது. மற்ற செல்களில் அந்தப் புரதம் இருக்கிறது என்பதை நான் மேலே சொன்ன பழுப்புச் சாட்சிகள் காட்டுகின்றன. ஆனால் பிறவியிலேயே ஒரு பிரதி கெட்டிருந்தாலும் அவை பழுப்பாகவே இருக்கும் என்பதால், சாயத்தை மட்டும் வைத்துப் பரம்பரை இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது. குடும்பத்தில் சின்னக் குழந்தைகள் யாரும் மூளை, சிறுநீரகக் கட்டியால் இறந்திருந்தாலோ, யாருக்காவது நரம்பில் பல கட்டிகள் இருந்தாலோ அதை மருத்துவரிடம் சொல்லுங்கள், மரபியல் ஆலோசகரைப் பார்க்கச் சொல்வார். இல்லையென்றால் நீங்கள் உங்களுக்காகப் பயப்பட வேண்டாம்.

தறியில் நசுங்கியது பற்றி. இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள். இந்த நோய் உள்ளவர்களில் சிலர் அந்த இடத்தில் முன்பு அடிபட்டதாகச் சொல்வது பழைய ஆய்வுகளிலேயே பதிவாகியிருக்கிறது. ஆனால் அடிபட்டதால்தான் நோய் வந்தது என்று இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை. கையில் அடிபடாத மனிதர் உண்டா? உங்கள் ஊரில் தறியில் விரல் மாட்டியவர்களை எண்ணினால் எத்தனை பேர் தேறுவார்கள்? அவர்களில் யாருக்கு இந்த நோய் வந்தது? கட்டி வந்த பிறகுதான் நம் நினைவு பின்னால் போய்க் காரணம் தேடுகிறது. பத்து வயதுப் பிள்ளையைத் தறிப் பக்கம் விட்டதற்காக அந்தத் தாய் பதினான்கு வருடம் கழித்து அழ வேண்டியதில்லை.

இனி மாத்திரை. நீங்கள் படித்தது டாஸெமெட்டோஸ்டாட் என்ற மருந்தைப் பற்றியாக இருக்கும். ஈ.இசட்.எச்.2 நொதியைத் தடுப்பது, அதாவது மூடும் குறி விழாமல் பார்த்துக்கொள்வது. நான் மேலே விளக்கிய எலிச் சோதனை போன்றவற்றின் வழியாகவே மனிதருக்கு வந்த மருந்து என்பதால் எங்கள் துறையில் அது வந்தபோது பெரிய மகிழ்ச்சி. 2020 ஜனவரியில் அமெரிக்க மருந்து நிர்வாகம் இதற்கு விரைவு அனுமதி கொடுத்தது, ஆபரேஷனால் முழுதாக அகற்ற முடியாத அல்லது பரவிவிட்ட எபிதீலியாய்டு சார்கோமாவுக்கு மட்டும். ஆதாரமாக இருந்த ஆய்வில் 62 நோயாளிகள். அவர்களில் 9 பேருக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கியது, அதாவது நூற்றுக்குப் பதினைந்து. (1970-இல் ஃபிரான்ஸ் என்சிங்கர் இந்த நோய்க்குப் பெயர் வைத்தபோது அவர் சேர்த்து வைத்திருந்ததும் 62 நோயாளிகளின் திசுதான். அரை நூற்றாண்டு கழித்தும் ஒரு ஆய்வுக்கு இவ்வளவு பேரைத்தான் திரட்ட முடிந்தது என்பதிலிருந்து இது எவ்வளவு அபூர்வம் என்று புரிந்துகொள்ளுங்கள்.) அந்த ஒன்பது பேரில் சிலருக்குப் பலன் பல மாதங்கள் நிலைத்தது. மற்றவர்களுக்கு ஏன் கிடைக்கவில்லை என்பது முழுதாகத் தெரியவில்லை. ஒரு காரணம் இதுவாக இருக்கலாம்: பூட்டு விழாமல் தடுக்கிறோமே தவிர, போன கட்டை விரலை, அதாவது ஐ.என்.ஐ.1-ஐ, நாம் திருப்பிக் கொடுக்கவில்லை. பூட்டு கழன்றாலும் கதவை இழுத்துத் திறக்கப் பிடிமானம் வேண்டுமல்லவா? மேலும் இந்த மருந்து எடுத்தவர்களில் சிலருக்குப் பின்னால் புதிதாக இரத்தப் புற்றுநோய் வந்திருப்பதால் அதற்கு எச்சரிக்கையும் உண்டு. தம்பியின் கட்டி விரலோடு நிற்கிறது என்றால் இது அவருக்கான மருந்தே இல்லை. ஒருவேளை பரவியிருந்தால், இந்த மருந்தின் இன்றைய அனுமதி நிலை என்ன, நம் நாட்டில் வழி உண்டா, சேரக்கூடிய ஆய்வுகள் உண்டா என்று புற்றுநோய் மருந்தியல் மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். நீங்களாக இணையத்தில் வரவழைக்காதீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது. அடையாறு புற்றுநோய் நிலையம், வேலூர் சி.எம்.சி., மும்பை டாட்டா போன்று சார்கோமாவைத் தொடர்ந்து பார்க்கும் இடம் ஒன்றில் தம்பியை ஒருமுறையாவது காட்டுங்கள். போகும்போது அறிக்கைத் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். பயாப்சி செய்த இரண்டு லேபிலும் ‘ஸ்லைடும் மெழுகு பிளாக்கும் வேண்டும்’ என்று எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்குங்கள். தீப்பெட்டியில் பாதி அளவுகூட இல்லாத அந்த மெழுகுக் கட்டிக்குள்தான் தம்பியின் நோய் முழுவதும் இருக்கிறது. அது கையில் இருந்தால் மறுபடி விரலில் ஊசி போட வேண்டிய தேவை பெரும்பாலும் வராது. வெயிலில், காரின் டேஷ்போர்டில் வைத்துவிடாதீர்கள், மெழுகு இளகிவிடும்.

அறுவை மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கைக்கு எம்.ஆர்.ஐ., நெஞ்சுக்கு சி.டி. எடுத்தாயிற்றா? முழங்கை உட்புறத்திலும் அக்குளிலும் நெறி இருக்கிறதா என்று பார்த்தார்களா? ஆபரேஷனின்போது நிணநீர் முடிச்சைச் சோதிப்பார்களா? கட்டியைச் சுற்றி எவ்வளவு நல்ல திசுவோடு எடுப்பார்கள்? பிறகு கதிர்வீச்சு தேவைப்படுமா? இந்தக் கேள்விகளை எந்த நல்ல மருத்துவரும் தவறாக நினைக்க மாட்டார். ‘சின்னக் கட்டிதானே, மரத்துப்போக ஊசி போட்டுத் தோண்டி எடுத்துவிடலாம்’ என்று யாராவது சொன்னால் மட்டும் சம்மதிக்காதீர்கள். இந்தச் செல்கள் தசைநாரின் உறையோடு ஒட்டி, கண்ணுக்குத் தெரியும் எல்லையைத் தாண்டி ஊர்ந்து போகும் பழக்கம் உள்ளவை. குறுகலாக எடுத்தால் அதே கையில் சற்று மேலே மறுபடி வரக்கூடும்.

ஆபரேஷன் முடிந்து எல்லாம் நன்றாக இருந்தாலும் பல வருடம் பரிசோதனைக்குப் போக வேண்டியிருக்கும். ஐந்து வருடம் ஆயிற்று, போதும் என்று விட்டுவிடக் கூடாத நோய் இது. இதையும் இப்போதே தம்பிக்குச் சொல்லி வையுங்கள்.

அவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். விரலை எடுப்பார்களா என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது, எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்தவர்தான் சொல்ல முடியும். ஆனால் நடுவிரலில், எலும்பையும் நாரையும் ஒட்டி இருக்கும் கட்டிக்கு, சுற்றிலும் நல்ல திசு விட்டு எடுக்க வேண்டுமென்றால் விரலைக் காப்பாற்ற இடமில்லாமல் போகலாம். சில சமயம் விரலோடு உள்ளங்கை எலும்பின் ஒரு பகுதியையும் சேர்த்து எடுப்பார்கள். இருபுறத்து விரல்களும் நெருங்கி வந்து, நான்கு விரல் கையாகவே பார்வைக்குத் தெரியும். பேனா பிடிக்கவும் வண்டி ஓட்டவும் நூல் முடிச்சுப் போடவும் பழகிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். ‘எடுக்க மாட்டாங்கடா’ என்று ஆறுதலுக்குச் சொல்லாதீர்கள். ஆபரேஷன் முடிந்து கண் விழிக்கும்போது உங்கள் வார்த்தையை அவர் நம்ப வேண்டும். ‘எடுக்கலாம், எடுக்காமலும் இருக்கலாம், அதை முடிவு பண்ற அன்னிக்கு நானும் உன்கூட டாக்டர் முன்னாடி உட்கார்ந்திருப்பேன்’ என்று சொல்லுங்கள். அன்று அவரையே கேள்வி கேட்க விடுங்கள்.

பிளாக் கிடைப்பதில் சிக்கல் இருந்தாலோ, புதிய அறிக்கையில் புரியாத சொல் இருந்தாலோ மறுபடி எழுதுங்கள்.